ஐந்தாவது சக்கரத்தின் பூட்டு

செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, தூசி ஊர் வருவதற்குள் வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பித்துவிட்டது. ஐப்பசி மாதம். விடியற்காலை ஐந்து மணி இருக்கும். ராத்திரி கொட்டிய மழை ஓய்ந்து சின்னத் தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால், இடது பின்சக்கரம் ரோட்டோடு ரோடாகப் படுத்துக் கிடந்தது.

எனக்குப் பெரிய கவலை ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரத்தில் டயர் மாற்றுகிறவன் நான். ஜாக்கி இருக்கிறது, வீல் ஸ்பானர் இருக்கிறது, அடியில் ஸ்டெப்னி இருக்கிறது. ஸ்டெப்னியை எவனும் கழற்றிக்கொண்டு போகாதபடி சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியையும் வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்திருக்கிறேன். இவ்வளவு முன்யோசனை உள்ள ஆளுக்கு என்ன குறை?

லுங்கியை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்த பிறகுதான், அந்தப் பூட்டைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தேன். பூட்டிய அன்றைக்குப் பார்த்தது. நாலு வருஷம் ஆகியிருந்தது.

அங்கே பூட்டு என்று ஒன்றும் இல்லை. மண் உருண்டை ஒன்று தொங்கியது. சேறு, தார்ப்பொடி, கிரீஸ், எங்கோ களத்துமேட்டில் ஒட்டிய வைக்கோல் துணுக்கு எல்லாம் சேர்ந்து, கொத்தனார் பூசி விட்ட மாதிரி இறுகியிருந்தது. ஸ்பானர் முனையால் தட்டித் தட்டி உதிர்த்தேன். சாவித் துவாரம் தெரிந்தது. சாவியை வைத்தால் கால் அங்குலம் போய் நின்றது. ஊதினேன், மண் திரும்பி வந்து என் கண்ணிலேயே விழுந்தது. தார்ப்பாய் தைக்கிற கோணியூசியால் தோண்டி, மறுபடி சாவியை வைத்தேன். போனது. ஆனால் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் திருப்பினேன். பூட்டு அசையவே இல்லை. பித்தளைச் சாவிதான் ஈரத்துணியைப் பிழிந்தது போலக் கழுத்தில் முறுக்கிக்கொண்டது.

மேலே இருந்த சரக்கு வேறு மனசை அரித்தது. ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போகிற தறி: பிரித்துக் கட்டிய சட்டங்கள், ஜக்கார்டு பெட்டி, அதோடு மூன்று சேலைக்கான பட்டுப் பாவு. பிளாஸ்டிக் தாள் சுற்றி, தார்ப்பாய் போர்த்தியிருந்தேன். ஆனாலும் சாயம் தோய்த்த பட்டு. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரன். அப்பாவுடையது குழித்தறி. பத்தாவது முடித்து அதே குழியில் காலை விட்டு ஏழு வருஷம் நெய்தேன். அப்புறம் கூலி கட்டுப்படியாகாமல் ஸ்டியரிங் பிடிக்கப் போனேன்.

*

ஸ்டெப்னி என்று சொல்கிறோமே, அது ஒரு தெருவின் பெயர். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்கிற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904-இல் ஒரு உபரிச் சக்கரத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்துக் கார்களில் ஐந்தாவது சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் ரோட்டோரம் உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்ட வேண்டியதுதான். டேவிஸ் சகோதரர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அதன் பக்கத்திலேயே இதைக் கவ்வவிட்டு முடுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். பிரிட்டிஷ்காரர்கள் அந்தப் பெயரை மறந்தே போனார்கள். நாம் நூறு வருஷத்துக்கு மேலாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பிரேசில்காரர்களும் கிட்டத்தட்ட அதே சொல்லைத்தான் ‘எஸ்டெப்பி’ என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு நம்மூர் டீக்கடைகளில் இன்னொரு அர்த்தம் இருப்பது டேவிஸ் சகோதரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்போது வருகிற கார்களில் சிலவற்றில் ஸ்டெப்னி தருவதே இல்லை. டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. பாரம் ஏற்றுகிற எங்களுக்கு அது ஒத்துவராது. ஆணி குத்தினால் ஒட்டலாம். ஒன்றரை டன் சுமையோடு பக்கவாட்டில் கிழிந்த டயரை எதை வைத்து ஒட்டுவது?

2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகுதான் எங்கள் ஊர்த் தெருக்களில் இந்தச் சின்னச் சரக்கு வண்டிகள் பெருகின. ஜனங்கள் வைத்த பெயர் குட்டி யானை. 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பிக்கப்புகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. இந்த மாதிரி வண்டிகளில் ஸ்டெப்னிக்கு வழக்கமான இடம் பின்பக்கம் தொட்டிக்கு அடியில், சேஸ் சட்டங்களுக்கு நடுவே. பூமியைப் பார்த்துக் குப்புறப் படுத்திருக்கும். சில வண்டிகளில் நீளமான மரை போல்ட்டும் அதன் மேல் தகடும் நட்டும் சேர்ந்து அதைத் தாங்கும். சிலவற்றில் கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு அமைப்பு இருக்கும். பின்னாலிருக்கும் ஓட்டை வழியே கம்பியை விட்டுச் சுற்றினால் சங்கிலியோ இரும்புக் கயிறோ இறங்கி, சக்கரம் தரைக்கு வரும். வெளிநாட்டுப் பெரிய பிக்கப்புகள் சிலவற்றில் அந்த ஓட்டைக்கே ஒரு பூட்டு வைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத்தண்ணீர் போய் அந்தப் பூட்டுகள் இறுகி, அங்கேயும் ஆட்கள் என்னைப் போலவே மல்லாந்து கிடக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

*

என் வண்டியில் பூட்டு கம்பெனி போட்டதல்ல, நானாகப் போட்டது. காரணம் இருந்தது.

பிள்ளையார்பாளையத் தெருக்களில் விடியற்காலையில் பாவு விரிப்பார்கள். தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளைக் கட்டி, இழுத்து, அறுந்ததை முடிந்து, ஒழுங்கு செய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் சைக்கிள் நின்றால்கூடத் திட்டு விழும். அதனால் வண்டியை ராத்திரியே வெளி ரோட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். 2019-இல் அத்திவரதர் எழுந்தருளிய நாற்பத்தெட்டு நாளும், அதாவது ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, ஊருக்குள் வண்டியே நகரவில்லை. எங்கெங்கோ கொண்டுபோய் நிறுத்தினோம். அப்படி ஒரு ராத்திரியில் என் ஸ்டெப்னி போயிற்று. டயரும் டிஸ்க்குமாக ஐயாயிரத்துக்குக் குறைந்து வராது. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. என்று சுற்றிலும் டயர் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அதனால் எனக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை.

புது ஸ்டெப்னி வாங்கின கையோடு ரோட்டோரக் கடையில் ஒரு கனத்த பூட்டும் ஒரு கஜம் சங்கிலியும் வாங்கினேன். டிஸ்க் ஓட்டை வழியாகச் சங்கிலியை விட்டு, சேஸ் குறுக்குச் சட்டத்தைச் சுற்றிப் பூட்டினேன். பூட்டு நல்ல கனம். வாங்கும்போது அதன் எடைதான் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு சாவி தந்தார்கள். இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டினேன். அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

*

முறுக்கிய சாவியைக் கழற்றி, இரண்டாவது சாவியைப் போட்டு, வீல் ஸ்பானரால் பூட்டின் தலையில் நாலு போடு போட்டேன். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் நின்றிருக்க வேண்டும். டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று ஓரம் கட்டியது. அறுபது வயசுக்குமேல் இருக்கும். பின்சீட்டில் பழைய டியூப் சுருள், காலால் மிதிக்கிற பம்ப், கோணிப்பை. பஞ்சர் கடைக்காரர். கடை திறக்கப் போகிறவர்.

“இன்னா தம்பி, அடிக்கிற?”

“ஸ்டெப்னி பூட்டு மாட்டிக்கிச்சுங்க.”

“அடிக்காத. அடிச்சா ஒக்காந்துக்கும்.”

குனிந்து என் டார்ச்சை வாங்கினார். ஐந்து நிமிஷம் வரைக்கும் எதையும் தொடவே இல்லை. பூட்டைப் பார்த்தார், சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தார், நட்டைப் பார்த்தார், பின்னால் போய்ப் படுத்து அந்தப் பக்கமிருந்தும் பார்த்தார். பிறகு கேட்டார்: “மாட்டிக்கினது பூட்டா, நட்டா, சங்கிலியா?”

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவில்லை. பூட்டு திறக்கவில்லை, அதனால் ஸ்டெப்னி வரவில்லை. அவ்வளவுதான் என் கணக்கு. அவர் சொன்னது வேறு. பூட்டு திறந்துவிட்டாலும் நட்டு இறுகியிருந்தால் சக்கரம் வராது. நட்டும் திரும்பிவிட்டது, ஆனால் தகடு டிஸ்க்கோடு துருவால் ஒட்டிக்கொண்டது என்றால் அப்போதும் வராது. எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் வேலையை ஆரம்பித்தால், கையில் கிடைத்ததை உடைத்துவிட்டு நிற்போம்.

முதலில் பூட்டு. அது தொங்கின வாக்கில் சாவித் துவாரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. மேலிருந்து எண்ணெய் விட்டால் உள்ளே போகாது, வழிந்துவிடும். அவர் பூட்டைத் தலைகீழாகத் திருப்பி, சங்கிலியோடு சேர்த்துக் கம்பியால் கட்டினார். கோணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஊசிக்குழாயை எடுத்தார், மருந்து போடுகிற அதே ஊசிக்குழாய். முதலில் தண்ணீரைப் பீய்ச்சினார். செம்மண் குழம்பாக வழிந்தது. தெளிவாக வருகிற வரைக்கும் நாலைந்து தடவை. மண் இருக்கிற இடத்தில் எண்ணெய் விட்டால் சேறுதான் ஆகும் என்றார். பிறகு டீசல். துவாரத்தில் கொஞ்சம், வளையத்தின் இரண்டு கால்களும் பூட்டுக்குள் இறங்குகிற இடத்தில் கொஞ்சம்.

“டீ இருக்குதா?”

பிளாஸ்கில் இருந்தது. ரோட்டோரம் உட்கார்ந்து இரண்டு பேரும் குடித்தோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தார்ப்பாய் முனையை நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் இருக்கிறது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. பூட்டுக்குள் வளையத்தின் காலுக்கும் ஓட்டைக்கும் நடுவே விட்டிருக்கிற இடைவெளி மயிரிழை அளவு. அங்கே துரு பெருத்து உட்கார்ந்தால் ஆப்பு அடித்தது போலத்தான். நாலு வருஷமாக மெதுவாக இறங்கிய ஆப்பு நாலு அடியில் கழன்றுவிடாது. மெல்லிய எண்ணெய் துருவின் நுண்ணிய வெடிப்புகள் வழியே ஊறிப் போக நேரம் வேண்டும். ஊறுகிற நேரத்தில் சின்னச் சின்ன அதிர்வு கொடுத்தால் சீக்கிரம் போகும். அவர் சுத்தியின் இரும்புப் பக்கத்தைத் தொடவில்லை. மரக் காம்பால் பூட்டைச் சுற்றி டொக் டொக்கென்று, தேங்காய் பார்க்கிற மாதிரித் தட்டிக்கொண்டே இருந்தார்.

கடைகளில் நீலமும் மஞ்சளுமான டப்பாவில் விற்கிறார்களே, டபிள்யூடி-40, அதுவும் இந்த வேலைக்குத்தான். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு ரசாயனக் கம்பெனி அதைத் தயாரித்தது. தண்ணீரை விரட்டுகிற கலவை, நாற்பதாவது முயற்சியில் கிடைத்தது, அதுதான் பெயரின் அர்த்தம். அதை அடித்தால் இறுகினது இளகும். ஆனால் கொஞ்ச நாளில் உலர்ந்துவிடும். நிரந்தர மசகு என்று அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

கால் மணி நேரம் கழித்து அவர் சாவியைப் போட்டு, திருப்பவில்லை, ஆட்டினார். இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். உள்ளே ஏதோ கரகரவென்றது. “வருது” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். “குடுங்க, நான் பாக்கறேன்” என்று வாங்கி, ஒரே திருப்பு. ணங்கென்று கைக்கு லேசாகிவிட்டது. சாவியின் தலை என் விரலிடுக்கில் இருந்தது. மீதி உள்ளே.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

*

1851-இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியின்போது ஆல்ஃப்ரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், அறுபது வருஷமாக யாராலும் திறக்க முடியாதிருந்த பிராமா கம்பெனிப் பூட்டைச் சாவியில்லாமல் திறந்து காட்டினார். பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. அவர் திறந்தது துருப்பிடிக்காத பூட்டு. மேலே பட்டுப் பாவும் இல்லை.

எங்களுக்கு வெட்டுவது ஒன்றுதான் வழி. ஆக்ஸா பிளேடை எடுத்துப் பூட்டின் வளையத்தில் வைத்தார். நாலு இழுப்பு. பிளேடு கண்ணாடி மேல் ஓடுவது போல வழுக்கியது. ஒரு கீறல்கூட இல்லை. நல்ல பூட்டுகளின் வளையத்தை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றியிருப்பார்கள், சாதாரண பிளேடு அதில் பல் வைக்காது. அடுத்து சங்கிலியில் ஒரு கண்ணியில் வைத்தார். முதல் இழுப்பிலேயே வெள்ளையாகக் கோடு விழுந்து, இரும்புத் தூள் உதிர்ந்தது. மாறி மாறி இழுத்தோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணி இரண்டாகி, சங்கிலி சரசரவென்று என் மார்பில் விழுந்தது.

பத்து நிமிஷம்! மூன்று ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் யோசிக்கிற நான், கனமான பூட்டாகப் பார்த்து வாங்கினேன். அதைக் கோக்க வாங்கிய சங்கிலியோ ஆட்டுக்குட்டி கட்டுகிற சங்கிலி. திருட வந்தவனுக்குப் பத்து நிமிஷ வேலை. அந்த நாலு வருஷத்தில் எந்தத் திருடனும் வரவில்லை. அந்தப் பூட்டு தடுத்து நிறுத்திய ஒரே ஆள் நான்தான். எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் கல்லிலேயே சங்கிலி செய்து தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒரே கல்லில் கண்ணி கண்ணியாகக் குடைந்தது. நானூறு வருஷத்துக்கு மேலாகத் துருப்பிடிக்கவில்லை. ஸ்டெப்னிக்கு அது கிடைக்காது.

சங்கிலி போன பிறகு நட்டு. அதுவும் இறுகித்தான் இருந்தது. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை படுக்கிற எல்லாரும் இதில் ஏமாறுவார்கள். அடியில் மல்லாந்து, கையைத் தலைக்கு மேலே நீட்டி ஸ்பானர் பிடிக்கும்போது எது வலம், எது இடம் என்று மூளை குழம்பிவிடும். நான் முழு பலத்தோடு முடுக்கிக்கொண்டிருந்தேன். நட்டின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி கண்ணை வைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இறுகிய நட்டை முதலில் ஒரு மயிரளவு முடுக்கி, துருவை உடைத்துவிட்டு, அப்புறம் கழற்றுவது நல்லது என்றார் பெரியவர். ஆக நான் தப்பாகச் செய்ததும் பாதி சரியாகிவிட்டது. ஸ்பானர் காம்பில் ஒரு முழ இரும்புக் குழாயைச் செருகி இழுத்தோம். க்ரீச்சென்று ஒரு சத்தம். பல்லைக் கூசவைக்கிற சத்தம்தான். அன்றைக்கு எனக்கு அது நாதஸ்வரமாகக் கேட்டது.

சக்கரம் இறங்குவதற்கு முன் என்னை அடியிலிருந்து வெளியே இழுத்துவிட்டார். டயரும் டிஸ்க்கும் சேர்ந்து இருபது கிலோவுக்குக் குறையாது, நட்டு கழன்ற கணத்தில் நேராக நெஞ்சில் விழும். கீழே மரக்கட்டை வைத்துவிட்டு, பக்கவாட்டில் இருந்துதான் இறக்க வேண்டும். வண்டியை ஜாக்கி மேல் தூக்கி வைத்துக்கொண்டு அடியில் படுக்கவே கூடாது. முதலில் ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு, பிறகுதான் ஜாக்கி. அவசரத்தில் இந்த வரிசையை மாற்றுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, சில பட்டறைகளில் எது இறுகினாலும் கேஸ் பிடித்துச் சுடுவார்கள். சூட்டில் இரும்பு விரிந்து துரு விடும் என்பது வாஸ்தவம். ஆனால் காற்றுள்ள டயர் பக்கத்தில், அது மாட்டியிருக்கிற டிஸ்க்கில் சூடு ஏற்றினால் டயர் உள்ளேயே வெந்து வெடிக்கும். வெடித்தால் பக்கத்தில் நிற்கிறவர் பிழைப்பது கஷ்டம். கட்டிங் மிஷினில் அறுப்பதானாலும் டீசல் டாங்க் எங்கே, பிரேக் குழாய் எங்கே, மேலே தார்ப்பாய் எங்கே தொங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பொறி பறக்க விட வேண்டும்.

எல்லாம் முடிந்து ஸ்டெப்னி வெளியே வந்தது. பெரியவர் அதைக் கட்டை விரலால் அழுத்தினார். மெத்தை மாதிரி அமுங்கியது. நாலு வருஷமாகக் காற்று பார்க்காத டயர். அவர் ஒன்றும் பேசாமல் போய் எக்ஸெல்லிலிருந்து பம்பை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நூற்றைம்பது மிதி மிதித்தேன்.

இருநூறு ரூபாய் கொடுத்தேன். நூறு எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பினார். ஆரணிக்கு ஒன்பது மணி தாண்டித்தான் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டு நெசவாளர் ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தார்ப்பாய்க்குள் கையை விட்டுப் பாவைத் தடவிப் பார்த்தார். காய்ந்தே இருந்தது.

*

அந்தப் பூட்டை நான் தூக்கி எறியவில்லை. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் குடையும் பூட்டும் ரிப்பேர் செய்கிறவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். திறக்க வேண்டாம், உள்ளே என்ன ஆனது என்று பார்க்க வேண்டும் என்றேன். விசித்திரமாகப் பார்த்தார். பிறகு ஆணித்தலைகளைத் தேய்த்துவிட்டு, மேல்தகட்டை உளியால் நெம்பினார்.

உள்ளே ஆறு பித்தளைத் தகடுகள், சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. அவைதான் லீவர். ஒவ்வொன்றையும் பிடித்து அழுத்தச் சின்னதாக ஒரு சுருள். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லீவரைத் தூக்கும். எல்லாம் சரியான உயரத்துக்கு வந்தால், தகடுகளின் வெட்டுகள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்து தாழ் நகர வழி கிடைக்கும். கொஞ்சம் குறைந்தாலும் நகராது, கூடினாலும் நகராது. ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் 1778-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. திண்டுக்கல் பூட்டும் இந்தக் கொள்கையில் ஓடுவதுதான். கையால் அரம் போட்டுச் செய்கிற அந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் இத்தனை நுணுக்கமான இடத்தில் என் பூட்டுக்குள் என்ன இருந்தது? மண்தான். லீவர்களுக்கு நடுவே மாவு மாதிரி நைசான மண் இறங்கி, பட்டையாக உறைந்திருந்தது. ஆறு சுருள்களில் மூன்று இல்லவே இல்லை. இருந்த இடத்தில் சிவப்புப் பொடி. பித்தளையும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டபடி ஈரத்தில் கிடந்தால் இரும்புதான் முதலில் சாகும் என்றார் ரிப்பேர்காரர். மின்சார பேட்டரிக்குள் நடக்கிற அதே ரசாயனம்.

“எண்ணெ போட்டீங்களா?” என்று கேட்டார். வாங்கின அன்றைக்கே தேங்காய் எண்ணெய் விட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அதுதான் கெடுத்தது என்றார். தேங்காய் எண்ணெயோ, கிரீஸோ, பழைய இன்ஜின் ஆயிலோ தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் பசையாகிவிடும். பூட்டுக்குள் போட வேண்டியது உலர்ந்த மசகு, கிராஃபைட் தூள். பென்சில் முனையைச் சுரண்டினால் வருகிற கரியும் அதே சரக்குதான். சாவியின் பல்லில் பென்சிலைத் தேய்த்து நாலு தடவை போட்டு எடுத்தால் போதும்.

இப்போது என் வண்டியில் பூட்டு இருக்கிறது. சின்னது. கண்ணி தடித்த சங்கிலி. பூட்டுக்கு மேல் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி உறை மாதிரி மாட்டியிருக்கிறேன். அடிப்பக்கம் திறந்திருக்கும், உள்ளே போன தண்ணீர் வடிய வேண்டுமே. நட்டின் மரையில் மட்டும் கிரீஸ். அங்கே கிரீஸ் நல்லது. ஒரு சாவி வீட்டில் காமாட்சி அம்மன் படத்துக்குப் பின்னால் தொங்குகிறது. அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்குப் பூசணிக்காய் உடைக்கிற அன்று, பூட்டைத் திறந்து, நட்டை ஒரு சுற்றுக் கழற்றி முடுக்கி, ஸ்டெப்னிக்குக் காற்றுப் பார்த்துவிடுகிறேன். பத்து நிமிஷம்கூட ஆகாது. “ஊர்ல எல்லாரும் வண்டி முன்னாடி நின்னு கும்பிடறாங்க, நீங்க அடியில பூந்து இன்னா பண்றீங்க?” என்று வீட்டுக்காரி கேட்கிறாள்.

அந்தப் பழைய பூட்டை அப்பா வாங்கிக்கொண்டார். தறியில் கரை இழைகள் தொய்ந்துபோகாமல் இழுத்துப் பிடிக்கக் கல்லோ மணல் மூட்டையோ கட்டித் தொங்கவிடுவார்கள். அவருக்கு ஒரு எடை குறைந்திருந்ததாம். கையில் தூக்கி நிறுத்துப் பார்த்தார். லீவர் எல்லாம் எடுத்த பிறகும் வளையம் மட்டும் இன்னும் திறக்கவில்லை. “கயிறு கட்ட தோதா இருக்குடா” என்று சொல்லித் தறிக்குப் பின்னால் கட்டிவிட்டார். அவர் மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் அது இப்போது அங்கே ஆடிக்கொண்டிருக்கிறது.